பிரதேச சபையின் தரவைக் கிளவுட்டுக்குக் கொண்டுபோக: முதலில் கணக்காளரைப் பிடியுங்கள்

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். அல்லது பயிற்சி வகுப்பு ஒன்றில் ஒரு சேர் சொல்லிவிட்டுப் போவார்: "இனி எல்லாம் கிளவுட்டில் இருக்க வேணும்." அதாவது, தரவு அலுவலகப் பெட்டியில் இல்லாமல், இணையம் வழியாக வாடகைக்குப் பாவிக்கும் வேறொரு தரவு நிலையத்தில். சொன்னவர் அன்று பின்னேரமே கொழும்புக்குத் திரும்பிவிடுவார். கோவை திறப்பது, கடிதம் எழுதுவது, விலை கேட்பது, பிறகு ஏன் பற்றுச்சீட்டு வரவில்லை என்று வரிசையில் நிற்பவருக்குப் பதில் சொல்வது எல்லாம் அலுவலகத்தில் "கொம்பியூட்டர் தெரிந்த ஆள்" என்று பெயர் எடுத்த ஒருவரின் தலையில் விழும். அந்த ஒருவர் நீங்கள் என்றால் இது உங்களுக்குத்தான்.

மட்டக்களப்பு மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றில் சோலைவரி, வியாபார அனுமதிப்பத்திரம், கட்டட அனுமதி மூன்றையும் அலுவலக மூலையில் கிடந்த சேர்வரிலிருந்து வெளியே கொண்டுபோகும் வேலையில் இழுபட்டுக் கற்றதை எழுதுகிறேன். காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில், ஆலையடிவேம்பு என்று அம்பாறைக் கரையோரச் சபைகளில் இருப்பவர்களுக்கும் நடைமுறை இதேதான். தொழில்நுட்பம் இதில் கால்வாசி. மிச்சமெல்லாம் கடிதம், காசு, திகதி.

1. கணினியைத் தொடுவதற்கு முன் கணக்காளரிடம் போங்கள்

சேர்வர் வாங்கினால் அது மூலதனச் செலவு. ஒருமுறை காசு கட்டினால் பெட்டி உங்களுடையது. கிளவுட் மின்சாரப் பட்டியல் போல மாதாமாதம் வரும், ஆகவே அது மீண்டெழும் செலவு. இந்த வித்தியாசத்தைப் பாதீட்டில் சரிசெய்யாமல் வேலையைத் தொடங்கிய இடங்களில் முதல் வருடம் எல்லாம் நன்றாக ஓடும். ஏதாவது ஒரு திட்ட நிதி அந்த வருடத்துக் காசைக் கட்டியிருக்கும். இரண்டாவது வருட ஜனவரியில் பட்டியல் சபையின் பெயருக்கு வரும், அதற்கு ஒதுக்கீடு இருக்காது. கட்டணம் கட்டாவிட்டால் வணிக நிறுவனங்கள் முதலில் சேவையை நிறுத்தும், குறிப்பிட்ட காலம் போனால் தரவையும் அழிக்கும். எத்தனை நாளில் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எங்காவது இருக்கும். தேடிப் பிடித்துக் கணக்காளருக்கு அடிக்கோடிட்டுக் காட்டுங்கள்.

விலையை டொலரில் தரும் இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. மாதம் 100 டொலர் பட்டியல் என்றால் 20,000 ரூபாய் இரண்டே மாதத்தில் 36,000 ஆகிவிட்டது, ஒதுக்கீடு மட்டும் அதே இடத்தில் நின்றது. ஆகவே ரூபாயில், ஒரு வருடத்துக்கு மாறாத விலையில் கேளுங்கள். டொலர்தான் வழி என்றால் ஒதுக்கீட்டில் தாராளமாக இடம் விட்டு, ஏன் விட்டீர்கள் என்பதைக் கோவையிலேயே எழுதிவையுங்கள். விலைக்கோரலில் "வற் வரி உட்பட" என்று எழுத மறக்க வேண்டாம். 18 சதவீதம் பிறகு தனியே வந்து நின்றால் பெறுகைக் குழு மறுபடியும் கூட வேண்டிவரும்.

கணக்காளரிடமிருந்து உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள்: எந்தச் செலவினத் தலைப்பு, எவ்வளவு, அடுத்த மூன்று வருடமும் இருக்குமா. அது கைக்கு வராமல் இரண்டாவது படிக்குப் போக வேண்டாம்.

2. என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு எக்செல் தாள் போதும். மென்பொருளின் பெயர், யார் செய்து தந்தது, தரவு இப்போது எந்தக் கணினியில், எத்தனை ஜிபி, எத்தனை பேர் பாவிக்கிறார்கள், கடவுச்சொல் யாரிடம். கடைசி நிரல்தான் உங்களைத் தூங்கவிடாது.

பட்டியலில் தவறிப்போகும் சாமான்கள் சில உண்டு. வரவு பதியும் கைரேகை இயந்திரம். அதன் தரவு ஏற்கெனவே வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். நூலகத்தின் புத்தகப் பட்டியல். உப அலுவலகத்து மடிகணினியில் மட்டும் இருக்கும் கடை வாடகைக் கணக்கு. அலுவலகக் கடிதங்கள் வந்து விழும் யாரோ ஒருவரின் சொந்த ஜிமெயில்.

அளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பத்தாயிரம் ஆதனங்களின் சோலைவரி விபரம் எழுத்தாக இருந்தால் ஒரு பென்டிரைவின் மூலைக்குக்கூடக் காணாது. இடத்தைப் பிடிப்பது ஸ்கான் செய்த கட்டட வரைபடங்கள். அவற்றைத் தனியாக எண்ணுங்கள், ஏனென்றால் மலிவான, மெதுவான சேமிப்பிடத்தில் வைக்கக்கூடியவை அவை.

3. எது எங்கே போகலாம்

சபைக்கு முன்னால் இருக்கும் வழிகள் மூன்று: அரசாங்கத்துக்கென்றே உள்ள லங்கா அரச கிளவுட், உள்நாட்டு நிறுவனம் ஒன்றின் தரவு நிலையம், அமேசான் மைக்ரோசொப்ட் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள். வெளிநாட்டுக்காரர்களின் அருகிலுள்ள தரவு நிலையங்கள் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளன. வேகத்துக்கு அது குறையில்லை, சட்டம்தான் கேள்வி.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26 ஆம் பிரிவை வாசியுங்கள், பின்வந்த திருத்தங்களோடு சேர்த்து. அரச நிறுவனம் மக்களின் தனிப்பட்ட தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை அது தனியாகக் கையாள்கிறது. கைரேகை போன்ற உடல் அடையாளத் தரவு சட்டத்தில் விசேட வகையாக உள்ளது. என் கருத்து நேரடியானது: ஆளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கைரேகை உள்ள எதையும் நாட்டுக்குள்ளேயே வையுங்கள். இணையத்தளம், அறிவித்தல்கள், சபையின் புகைப்படங்கள் எங்கே இருந்தாலும் தலை போகாது.

"அரச கிளவுட் என்றால் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நினைப்பவர்களுக்கு 2023 ஐ நினைவூட்ட வேண்டும். அந்த வருடம் ஓகஸ்டில் லங்கா அரச கிளவுட்டில் இருந்த அரச மின்னஞ்சல் சேவையை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் ஒன்று பிடித்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறத்தாழ 5,000, அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். அந்தக் காலத்து மின்னஞ்சல்களுக்கு, வேறாகத் துண்டித்து வைத்த பேக்கப் இருக்கவில்லை. இதற்காக அரச கிளவுட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. சோலைவரிக்கு நானும் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். ஒன்பதாவது படியில் வரும் பேக்கப்பைத் தவறவிடாதீர்கள், அவ்வளவுதான்.

4. கடிதங்களும் கோவையும்

ஒரு கோவை திறந்து இவற்றை இதே ஒழுங்கில் சேருங்கள்:

அ. சபைத் தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதி. "கணினிமயப்படுத்தல்" என்று பொதுவாக எழுதிய தீர்மானம் போதாது. எந்தச் சேவை, எந்தத் தரவு, எந்தச் செலவினத் தலைப்பு என்று இருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே வரைபை எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். கூட்டத்தில் எழுதப்படும் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் திருத்தப்படும், ஒரு மாதம் போய்விடும்.

ஆ. கணக்காளரின் ஒதுக்கீட்டுத் தாள்.

இ. இரண்டாவது படியின் பட்டியல், செயலாளரின் கையொப்பத்தோடு.

ஈ. வேண்டுகோள் கடிதம். உள்ளூராட்சி உதவி ஆணையாளர் ஊடாகப் போக வேண்டும். ஊடாகப் போகும் கடிதம் ஒவ்வொரு மேசையிலும் உறங்கும், ஆகவே முற்பிரதியை நேரே அனுப்பி "முற்பிரதி" என்று தலைப்பில் போடுங்கள். அரச கிளவுட்டுக்குப் பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்துக்குப் போவதை ஆங்கிலத்திலும் இணையுங்கள். தமிழில் எழுதுவது உங்கள் உரிமைதான். தொழில்நுட்ப இணைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் வாரங்கள் மிஞ்சும்.

உ. அளவுத் தாள்: எத்தனை புரொசசர், எவ்வளவு நினைவகம், எவ்வளவு சேமிப்பிடம், எந்த இயங்குதளம். மென்பொருள் செய்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவர் சொல்வதை அப்படியே போட வேண்டாம். கூடக் கேட்டால் தனக்குப் பிரச்சினை இல்லை என்று இரட்டிப்பாகத்தான் சொல்வார். இப்போதுள்ள சேர்வர் உச்ச நேரத்தில் எவ்வளவு பாவிக்கிறது என்று ஒரு கிழமை குறித்துப் பாருங்கள். கிளவுட்டில் பிறகு கூட்டுவது சுலபம், ஆகவே சின்னதாகத் தொடங்குங்கள்.

ஊ. விலைக்கோரல், தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, பெறுகைக் குழுவின் தீர்மானம். பழைய கோவை ஒன்றிலிருந்து மாதிரியை எடுத்துத் தலைப்பை மாற்றும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அவற்றில் பல 2006 வழிகாட்டல்களின்படி எழுதியவை. 2025 ஜனவரி முதல் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் நடைமுறையில் உள்ளன. பழைய மாதிரியில் போனால் கணக்காய்வு ஐயவினா நிச்சயம்.

5. மென்பொருள்காரரோடு எழுத்தில் இருக்க வேண்டியவை

சேவை தரும் நிறுவனத்தைவிட, உங்கள் சோலைவரி மென்பொருளை எழுதித் தந்த சின்னக் கொம்பனிதான் உங்களை அதிகம் கட்டிப்போடும். கிளவுட் கணக்கைத் தன் மின்னஞ்சலில், தன் வங்கி அட்டையில் திறந்து, "பிறகு மாத்தித் தாறன்" என்பார்கள். மாற்றித் தர மாட்டார்கள். கணக்கு சபையின் உத்தியோகபூர்வ மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தலைமைக் கடவுச்சொல்லை மூடிய உறையில் செயலாளரின் பெட்டகத்தில் வைக்க வேண்டும். கொம்பனிக்குத் தனிப் பயனர் கணக்கு, தேவையான அளவு அனுமதி மட்டும்.

தரவு சபையின் சொத்து என்று ஒரு வரி. கேட்டால் இத்தனை நாளில் திறந்த வடிவத்தில் முழுத் தரவையும் தர வேண்டும் என்று ஒரு வரி. ஒப்பந்தம் முடிந்தபின் தங்களிடமுள்ள பிரதிகளை அழித்து எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று ஒரு வரி. தாக்குதல் நடந்தால் எத்தனை மணித்தியாலத்தில் அறிவிக்க வேண்டும் என்று இன்னொன்று.

சேவை உத்தரவாதச் சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 99.9 என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 9 மணித்தியாலம் நிற்கலாம். 99 என்றால் 87 மணித்தியாலத்துக்கும் மேல், அலுவலக நாளாகப் பார்த்தால் இரண்டு கிழமை. தசமத்துக்குப் பின்னால் வரும் ஒரு இலக்கம் அத்தனை பெறுமதி. நின்ற நேரத்துக்கு நட்டஈடு கட்டணக் கழிவாகத்தான் வரும், காசாக வராது.

வெளிநாட்டு நிறுவனம் என்றால் இன்னும் ஒன்று: தரவை உள்ளே ஏற்ற பெரும்பாலும் காசில்லை, வெளியே எடுக்கக் காசு உண்டு. போகும்போது எவ்வளவு செலவாகும் என்று வரும்போதே கணக்குப் போடுங்கள்.

6. பாமினி

இதை ஒருவரும் எச்சரிக்கவில்லை, எந்த ஆங்கில வழிகாட்டியிலும் இது இல்லை. ஆகவே கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் பழைய தரவு பாமினி எழுத்துருவில் இருக்கும். திரையில் "தமிழ்" என்று தெரிவது கணினிக்குள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில எழுத்துகள். பாமினி நிறுவிய அந்த ஒரு கணினியில் மட்டும் அது தமிழ். கிளவுட்டில் ஏற்றி உலாவியில் திறந்தால் ஆதன உரிமையாளர் எல்லாரும் ஆங்கிலக் குப்பையாக நிற்பார்கள். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றாமல் நகர்த்தவே கூடாது.

மாற்றும் கருவிகள் இலவசமாக உண்டு. பொறி வேறு இடத்தில். முழு அட்டவணையையும் ஒரேயடியாக அதில் போட்டால் ஏற்கெனவே ஆங்கிலமாக இருந்தவையும் மாறிவிடும். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் "வீ" பாமினியில் "ஏ". "எக்ஸ்" என்றால் "ஓ". ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் ஒரு ஏகாரத்தோடு அடையாள அட்டைகள் வரிசையாக நிற்கும். ஆகவே நிரல் நிரலாக மாற்றுங்கள்: பெயர், விலாசம், தொழில் மட்டும். இலக்கம், திகதி, தொகை உள்ள நிரல்களைத் தொட வேண்டாம். பெயர் நிரலில் முதலெழுத்து ஆங்கிலத்தில் கலந்திருந்தால் அதை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

மாற்றியபின் தரவுத்தளத்தில் ஏற்றும்போது எல்லாம் கேள்விக்குறியாக வந்தால், நிரல் யுனிகோடு ஏற்கும் வகையில் இல்லை என்று அர்த்தம். கேள்விக்குறியாகச் சேமித்ததை மறுபடி தமிழாக்க முடியாது, ஆகவே மூலப் பிரதியை அழித்துவிடாதீர்கள். ஐம்பது பதிவை முதலில் ஏற்றி, அவற்றில் ஸ்ரீ, க்ஷ, ஔ, கொம்பு வரும் பெயர்கள் இருக்கும்படி தெரிந்து, தேடிப் பாருங்கள். முஸ்லிம் பெயர்களில் வரும் ஃப, ஸ், ஜ் எழுத்துகளையும் பாருங்கள். ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்றுச் சபைகளில் இது பாதித் தரவு.

இதற்கான நாளைத் திட்டத்தில் தாராளமாகப் போடுங்கள். சேர்வர் மாற்றுவதைவிட இதுதான் அதிகம் எடுக்கும்.

7. இணைப்பும் மின்சாரமும்

கிளவுட்டுக்குப் போனபின் ரவுட்டர் நின்றால் காசாளர் கவுண்டர் நிற்கும். காசு வாங்கும் எங்கள் சிறாப்பர் அக்கா முதல் நாளே கேட்டார்: "தம்பி, மறுகா லைன் போனா நான் என்னத்த எழுதிக் குடுக்கிற?" நியாயமான கேள்வி. இரண்டு வழிகள் வேண்டும்: ஒரு பைபர் லைன், வேறொரு நிறுவனத்தின் நாலாம் தலைமுறை இணைப்பு. இரண்டும் ஒரே நிறுவனம் என்றால் அதன் வலையமைப்பு விழும்போது இரண்டும் சேர்ந்து விழும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ். வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை உப அலுவலகங்களில் வேகத்தைக் காலை பத்து மணிக்கு அளவிடுங்கள், இரவில் அளந்தது உதவாது.

ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. 200 ஜிபி வரைபடங்களை 10 எம்பிபிஎஸ் ஏற்றும் வேகத்தில் அனுப்ப, லைன் முழுக்கக் கிடைத்தால்கூட 44 மணித்தியாலம் ஓடும். வெள்ளி பின்னேரம் தொடங்கி வார இறுதியில் விடுங்கள்.

சிறாப்பருக்கான பதில்: தொடரிலக்கம் இட்ட கையெழுத்துப் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று. எத்தனை நிமிடம் நின்றால் அதைத் திறக்கலாம், யார் அனுமதிப்பது, அன்றைக்கே யார் கணினியில் பதிவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கவுண்டரில் ஒட்டுங்கள். கணக்காய்வுக்கும் இது உதவும்.

8. மாற்றும் நாள்

ஜனவரி கூடாது. வருடச் சோலைவரியை ஜனவரி 31 க்குள் முழுதாகக் கட்டினால் 10 சதவீதக் கழிவு, ஆகவே கவுண்டரில் வரிசை வாசல் வரை நிற்கும். ஜனவரியில்தான் வருடாந்த இடமாற்றமும். நவம்பர், டிசம்பர் மழை. படுவான்கரைப் பாதைகள் வெள்ளத்தில் மூடும்போது யாரும் கேபிள் பார்க்க வரமாட்டார்கள், அலுவலகத்தில் பாதிப்பேர் நிவாரண வேலையில் நிற்பார்கள்.

எனக்குச் சரியாகப்படும் ஓட்டம் இது. முதல் வருடம் மாசி முதல் வைகாசி வரை பட்டியலும் பாமினியும். ஓகஸ்டுக்குள் விலையை அறிந்து, பாதீட்டு மதிப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும். இரண்டாம் வருடம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெறுகை. மே, ஜூனில் ஐம்பது ஆதனத்தோடு பரீட்சை. ஓகஸ்ட் நடுவில் மாற்றம், காலாண்டு முதல் மாதத்து நெரிசல் குறைந்தபின். மாமாங்கத் திருவிழாக் கிழமையைத் தவிருங்கள். பழைய சேர்வரை ஒக்டோபர் முடியும்வரை வாசிக்க மட்டும் திறந்து வையுங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் இரண்டிலும் நிலுவைத் தொகையை ஒப்பிட்டுக் கணக்காளரின் கையொப்பம் வாங்குங்கள். இரண்டிலும் பதியச் சொல்லிச் சிறாப்பரை வதைக்க வேண்டாம், பிழைகள் அங்கேதான் பிறக்கும்.

இணையக் கட்டணம் வேண்டும் என்றால், 2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே சேவையோடு இணைவதை இந்த மாற்றத்தோடு கலக்காதீர்கள். முதலில் தரவு நிலைக்கட்டும்.

9. பேக்கப் உங்கள் வேலை

தென்கொரியா இணைய வேகத்துக்குப் பேர்போன நாடு. 2025 செப்டெம்பர் 26 இல் டேஜோன் நகரத்து அரச தரவு நிலையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் கோப்புகள் வைத்திருந்த சேமிப்பகத்தில் 858 டெராபைட் போனது. பெரிதாக இருந்ததால் அதற்கு வெளிப் பேக்கப் எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கே இது நடந்தது.

உங்கள் தரவு சின்னது, அதுதான் உங்கள் பலம். தினமும் கிளவுட்டுக்குள்ளேயே ஒரு பிரதி. கிழமைக்கு ஒன்று வேறு நிறுவனத்தின் அல்லது வேறு நிலையத்தின் இடத்துக்கு. மாதத்துக்கு ஒன்று குறியாக்கம் செய்த வெளி வன்தட்டில், கணினியோடு இணைக்காமல், மேல்மாடிப் பெட்டகத்தில். கீழ்த்தளத்தில் வைக்க வேண்டாம், வெள்ளம் தெரியும்தானே. சேவை நிறுவனம் எடுக்கும் "ஸ்னாப்ஷொட்" என்ற உடனடிப் பிரதி அதே இடத்தில் இருப்பதால் அதைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காலாண்டுக்கு ஒருமுறை அந்த வன்தட்டை எடுத்து வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். பத்துப் பற்றுச்சீட்டைத் தெரிந்து தொகையை ஒப்பிட்டு, திகதியோடு பதிவேட்டில் கையொப்பமிடுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி ஒப்பமிடாதீர்கள்.

10. இடமாற்றமும் வெளியேற்றமும்

உள்நுழையும்போது வரும் ஓடிபி யாருடைய கைத்தொலைபேசிக்கு வருகிறது? அவர் ஜனவரியில் வாகரைக்கு மாற்றமாகிப் போனால்? உள்நுழைவின் இந்த இரண்டாவது சரிபார்ப்புக்கு ஒருவரின் சொந்த இலக்கத்தைக் கொடுக்காமல், அலுவலகத்தின் சிம்மையோ செயலியின் மீட்புக் குறியீடுகளையோ பாவியுங்கள். குறியீடுகளை அச்சிட்டு அதே பெட்டகத்தில் வையுங்கள். பொறுப்புக் கையளிக்கும் பத்திரத்தில் மேசை, அலுமாரித் திறப்போடு சேர்த்துக் கிளவுட் கணக்குகளையும் ஒரு வரியாகச் சேருங்கள். போனவரின் பயனர் கணக்கை அன்றைக்கே மூடுங்கள்.

கணக்காய்வாளருக்கு வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கொன்றைக் கேட்பதற்கு முன்பே திறந்து கொடுங்கள். யார் எந்தப் பற்றுச்சீட்டைத் திருத்தினார் என்ற பதிவேடு ஓடுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். பல மென்பொருள்களில் அதை அணைத்துத்தான் தருவார்கள். பரீட்சைச் சேர்வர்களை அலுவலக நேரத்துக்குப் பிறகு நிறுத்தலாம். காலை 8.30 முதல் பின்னேரம் 4.15 வரை மட்டும் ஓடினால் வாரத்தின் 168 மணித்தியாலத்தில் 40 கூட வராது. நிறுத்தினாலும் அதன் வன்தட்டுக்குக் காசு ஓடும், ஆகவே வேலை முடிந்தபின் முழுதாக அழியுங்கள்.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது முழுத் தரவையும் ஒருமுறை வெளியே எடுத்து, மென்பொருள்காரரின் உதவி இல்லாமல் திறந்து பாருங்கள். முடியவில்லை என்றால் புதுப்பிக்கும் பேச்சில் விலையை அவர்தான் சொல்வார், நீங்கள் தலையாட்டுவீர்கள். அந்தத் திகதியை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் அன்றே அந்த வருடத்துப் பெறுகைத் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.